பேண்டு வாசித்த ப்ளூஸ்: டெம்போ, ஸ்கேல், மூட்

இன்று எந்தப் பாட்டை எடுத்தாலும் அதன் மேல் மூன்று முத்திரைகள் குத்தப்பட்டிருக்கின்றன. நிமிடத்துக்கு எத்தனை தட்டு, எந்த ஸ்கேல், என்ன மூட். கல்யாண வீட்டு டி.ஜே., நடனப் பள்ளி நடத்துபவர், விளம்பரப் படத்துக்குப் பின்னணி தேடுபவர் என எல்லோரும் இந்த மூன்றை வைத்தே சலித்தெடுக்கிறார்கள். கிளிக் டிராக்கைக் காதில் மாட்டிக்கொண்டு பதிவு செய்யப்படும் இன்றைய பாட்டுக்கு இது பெரும்பாலும் ஒத்துவரும். நூறு வருஷத்துக்கு முன்னால் ராணுவ பேண்டு ஒன்று ஊதிவைத்த ப்ளூஸ் வட்டில் இதே முத்திரைகளைக் குத்திப் பார்த்தால் மூன்றும் ஆட்டம் காண்கின்றன. மூன்றும் ஒரே அளவுக்கு ஆடுவதில்லை என்பதுதான் விஷயம். டெம்போவை நிபந்தனையோடு நம்பலாம். ஸ்கேல் என்று வருவது பெரும்பாலும் கருவிகளையும் வட்டு சுழன்ற வேகத்தையும் பற்றிய தகவல். மூட் என்ற கட்டத்தை நிரப்பாமல் விடுவதே மேல் என்பது என் கட்சி.

ப்ளூஸ் என்றதும் வாசல் திண்ணையில் கிடாரோடு உட்கார்ந்த ஒற்றை மனிதர்தான் நினைவுக்கு வருகிறார். ஒலிப்பதிவின் வரலாறு அப்படித் தொடங்கவில்லை. மேமி ஸ்மித் பாடிய 'கிரேஸி ப்ளூஸ்' வந்தது 1920இல். கிடாரோடு பாடிய கிராமத்துக் கலைஞர்களின் வட்டுகள் அதற்கும் சில வருஷம் கழித்து. ஆனால் 1914லேயே விக்டர் நிறுவனத்தின் ராணுவ பேண்டும், கொலம்பியா நிறுவனத்தின் பிரின்ஸ் பேண்டும் 'மெம்ஃபிஸ் ப்ளூஸ்' என்ற உருப்படியை வட்டில் ஏற்றிவிட்டன. ப்ளூஸை முதலில் வீடுகளுக்குள் கொண்டுபோனவை கார்னெட்டும் கிளாரினெட்டும் ட்யூபாவும்தான்.

அந்த உருப்படியை 1912இல் சொந்தமாக அச்சிட்டு வெளியிட்டவர் டபிள்யூ. சி. ஹாண்டி. 1873இல் அலபாமாவில் பிறந்தவர், கார்னெட் வாசித்தவர், பேண்டு மாஸ்டர். 1903 வாக்கில் மிஸிஸிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில், கிடார் தந்தியில் கத்தியை வைத்து இழுத்து வாசித்த ஒருவரைக் கேட்டதாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். தந்தியில் வழுக்கிக்கொண்டு போன அந்த ஒலியைக் காகிதத்தில் எழுதி, பேண்டுக்காரர் கையில் கொடுக்க வேண்டும். இந்தக் கட்டுரை பேசப்போகும் சிக்கல் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் டெம்போ. நம் ஊர் வித்வான் இதைக் காலப்பிரமாணம் என்பார். ஒரே பாட்டைக் கீழ்க்காலத்திலும் மேல்காலத்திலும் பாடலாம் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கணிப்பொறிக்கு அதுதான் கண்டம். ஒலிக்கோப்பைக் கொடுத்து டெம்போ கேட்டால் சில சமயம் சரியான எண்ணின் பாதியைச் சொல்லும், சில சமயம் இரட்டிப்பைச் சொல்லும். இந்தத் துறையில் மிகப் பழைய, இன்னும் முழுசாகத் தீராத தலைவலி இது. 2006இல் ஃபேபியன் கூயோனும் கூட்டாளிகளும் டெம்போ கண்டுபிடிக்கும் பல வழிமுறைகளை ஒரே தேர்வில் உட்காரவைத்தபோது இரண்டு விதமாக மதிப்பெண் போட வேண்டியிருந்தது. விடை அப்படியே பொருந்தினால் ஒரு கணக்கு. பாதி, இரட்டிப்பு போன்றவற்றையும் சரி என்று ஏற்றால் இன்னொரு கணக்கு. இரண்டுக்கும் இடையே நல்ல வித்தியாசம் இருந்தது.

மனிதர் காதும் இதில் குழம்பும், ஆனால் காரணத்தோடு குழம்பும். மார்ச் இசையை இரண்டிரண்டாக எண்ணுவார்கள்: ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாள வட்டத்துக்கு, இரண்டு காலடி. ப்ளூஸை நான்கு நான்காக எண்ணுவார்கள். ராணுவ பேண்டு ப்ளூஸ் வாசிக்கும்போது இரண்டு கணக்கும் ஒன்றாக ஓடுகின்றன. ட்யூபா இரண்டு எண்ணிக்கொண்டிருக்க, கிளாரினெட்டுகள் நாலு எண்ணிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட வட்டுக்கு ஒரே எண் கேட்பதே தப்பு.

அமெரிக்க ராணுவத்தின் சாதாரண அணிவகுப்பு வேகம் நிமிடத்துக்கு 120 அடி. டெம்போ தேடும் பல மென்பொருள்களும், சந்தேகம் வந்தால் 120ஐ ஒட்டியே தேடு என்ற விதியோடுதான் எழுதப்பட்டிருக்கின்றன. மனிதர்களுக்கு இயல்பாகத் தோன்றும் தட்டு அந்தப் பக்கம்தான் என்ற ஆய்வுகள் அதற்குக் காரணம். ஆகவே ராணுவ பேண்டின் வட்டு என்றால் இயந்திரம் சரியாகச் சொல்லிவிடும் வாய்ப்பு அதிகம். அது நன்றாகக் கேட்டதாலா, ஏற்கெனவே இருந்த சாய்வாலா என்று விடையைப் பார்த்து மட்டும் பிரித்தறிய முடியாது.

ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு அளந்து பார்க்கலாம். ஹாண்டி 1914இல் வெளியிட்ட 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்'. பிரின்ஸ் பேண்டு 1915இல் பதிவு செய்தது. நியூயார்க்கின் 369ஆம் காலாட்படை பேண்டு 1919இல் வாசித்தது. 1925 ஜனவரி 14 அன்று பெஸ்ஸி ஸ்மித் பாட, லூயி ஆம்ஸ்ட்ராங் கார்னெட்டில் பதில் சொல்ல, ஃபிரெட் லாங்ஷா ஆர்மோனியத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் உலகப்போரின்போது கிளென் மில்லரின் விமானப்படை பேண்டு இதையே அணிவகுப்பு மார்ச்சாக மாற்றியது. பாட்டு ஒரு முறை ஓட 12, 12, 16, 12 என்று 52 பார் வேண்டும். பாருக்கு நாலு வீதம் 208 தட்டு. பெஸ்ஸி ஸ்மித்துக்கு அந்த ஒரு சுற்றுக்கே வட்டின் ஒரு பக்கம், அதாவது மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல், தீர்ந்துவிடுகிறது. ஆக நிமிடத்துக்கு 65ஐ ஒட்டிய நடை. 120இல் அணிவகுக்கும் பேண்டு அதே 208 தட்டை ஒண்ணே முக்கால் நிமிடத்தில் முடித்துவிடும். இரண்டு வேகத்திலும் பாட்டு உயிரோடு இருக்கிறது. 65ஐ ஒரு இயந்திரம் 130 என்று படித்தால் என்ன ஆகும்? பெஸ்ஸி ஸ்மித்தும் மில்லரும் ஒரே வரிசையில், 'நடக்க ஏற்ற பாட்டுகள்' என்ற பட்டியலில் நிற்பார்கள்.

டெம்போவுக்கு வட்டும் ஒரு எஜமான். 10 அங்குல வட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம். மேடையில் நிதானமாக வாசித்ததைப் பதிவுக்கூடத்தில் முடுக்கி வாசிக்கவோ, ஒரு சுற்றை வெட்டவோ வேண்டியிருந்தது. 1925க்கு முன் மைக்கும் கிடையாது. பெரிய குழாய் ஒன்றின் வாயருகே நெருக்கியடித்து நின்று ஊத வேண்டும். பெரிய டிரம்மை ஓங்கி அடித்தால் ஊசி துள்ளிவிடும் என்பதால் அதை ஒதுக்கியோ அடக்கியோ வைத்தார்கள். லயத்தின் அடித்தளமாக இருக்க வேண்டிய வாத்தியமே பதிவில் அரைகுறை. அந்தப் பதிவிலிருந்துதான் இயந்திரம் தட்டைத் தேடுகிறது.

அடுத்தது ஸ்கேல். இதில்தான் ஏமாற்று வேலை அதிகம்.

கிடார்க்காரர் ப்ளூஸை ஈ அல்லது ஏ ஸ்கேலில் வாசிப்பார். விரல் அழுத்தாமல் மீட்டும் தந்திகள் அங்கே கைகொடுக்கும். பேண்டில் அது நடக்காது. கார்னெட்டும் கிளாரினெட்டும் பி ஃபிளாட் கருவிகள். ஆல்டோ சாக்ஸபோன் ஈ ஃபிளாட் கருவி. கிடார்க்காரரின் ஈ ஸ்கேலை அப்படியே பேண்டுக்கு எழுதினால் கார்னெட்டின் தாளில் ஆறு ஷார்ப், ஆல்டோ சாக்ஸின் தாளில் ஏழு ஷார்ப். எந்த பேண்டு மாஸ்டரும் அந்தப் பாவத்தைச் செய்ய மாட்டார். பி ஃபிளாட்டில், நம் கணக்கில் ஆறரைக் கட்டையில் வைத்தால், கார்னெட்டுக்கு ஒரு ஷார்ப்பும் ஃபிளாட்டும் இல்லாத சுத்தமான தாள், ஆல்டோவுக்கு ஒரே ஒரு ஷார்ப். ஆகவே பேண்டு ப்ளூஸ்கள் எஃப், பி ஃபிளாட், ஈ ஃபிளாட் என்ற வட்டாரத்திலேயே சுற்றுவதற்குக் கருவிகளின் நீளம்தான் காரணம். பி ஃபிளாட்டுக்கு என்று தனி உணர்ச்சி ஒன்று இருப்பதாக யாராவது எழுதினால் அவர் ஒரு நாளாவது பேண்டில் உட்கார்ந்தவரா என்று கேட்கத் தோன்றும்.

சரி, ஸ்கேல் எது என்றாவது உறுதியாகச் சொல்ல முடியுமா? ப்ளூஸின் மூன்று கார்டுகளை ஸ்வரமாக எழுதிப் பார்ப்போம். முதல் கார்டு ச, அந்தர காந்தாரம், ப, கைசிகி நிஷாதம். இரண்டாவது ம, த, ச, சாதாரண காந்தாரம். மூன்றாவது ப, காகலி நிஷாதம், ரி, ம. இரண்டு காந்தாரமும் இருக்கின்றன, இரண்டு நிஷாதமும் இருக்கின்றன. இதை மேஜர் என்பதா, மைனர் என்பதா? போதாததற்கு, பாடுபவரும் ஊதுபவரும் தொடும் காந்தாரம் பல சமயம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது; அல்லது ஒன்றில் தொடங்கி இன்னொன்றுக்கு வழுக்குகிறது. மேஜர் ஸ்கேலுக்குள்ளேயே இறங்கிய மூன்றாம், ஏழாம் ஸ்வரங்களை நுழைத்து அந்த ஒலியைக் கொண்டுவர முயன்றதாக ஹாண்டியே எழுதியிருக்கிறார். பியானோவில் அதற்குமேல் வழியில்லை. ட்ராம்போனுக்கு வழியுண்டு, கார்னெட்காரரும் உதட்டைத் தளர்த்தி இறக்கிக்கொள்வார்.

ஸ்கேல் கண்டுபிடிக்கும் வழிமுறைகளில் புகழ்பெற்றது கேரல் கிரம்ஹான்ஸலின் ஆய்வுகளிலிருந்து வந்தது. 1980களில் அவரும் கூட்டாளிகளும் கேட்பவர்களை வைத்து, ஒரு மேஜரிலோ மைனரிலோ எந்த ஸ்வரம் எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பிட வைத்தார்கள். அந்த மதிப்பீடுகளை அச்சாக்கி ஒலிப்பதிவின் மேல் வைத்துப் பார்த்து, எது நன்றாகப் பொருந்துகிறதோ அதை ஸ்கேல் என்று அறிவிக்கலாம். நேர்த்தியான வேலை. ஆனால் பதில்கள் மொத்தமே 24: 12 மேஜர், 12 மைனர். ப்ளூஸ் என்ற 25ஆவது பதிலுக்கு இடமில்லை. எஃப் ப்ளூஸைக் கொடுத்தால், முதல் கார்டில் கைசிகி நிஷாதம் நீண்ட நேரம் ஒலிப்பதைப் பார்த்து, இது மத்யமத்தைச் சட்ஜமாகக் கொண்ட ஸ்கேலின் பஞ்சமக் கார்டு போலிருக்கிறதே என்று முடிவு கட்டி, பி ஃபிளாட் என்று சொல்லிவிட வாய்ப்புண்டு. சாதாரண காந்தாரம் தூக்கலாக இருந்தால் எஃப் மைனர் என்றும் சொல்லும். மூன்று விடைக்குமே பதிவுக்குள் சாட்சி உண்டு.

'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. அச்சுப்பிரதியில் முதல் பகுதி ஜி மேஜர். நடுவிலுள்ள 16 பார் ஜி மைனர். முடிவில் மறுபடி ஜி மேஜர். ஒரு வட்டுக்கு ஒரு ஸ்கேல் என்ற விதியை எழுதும்போதே உடைத்துவிட்ட பாட்டு.

இதற்கெல்லாம் மேலே சுழல்மேடையின் கூத்து. வேகம் சுமார் 6 விழுக்காடு கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறும். நிமிடத்துக்கு 78 சுற்றில் போட வேண்டிய வட்டை 80இல் போட்டாலே கிட்டத்தட்ட அதில் பாதி ஏறிவிடுகிறது. 82 தாண்டினால் முழுசாக அடுத்த ஸ்கேல். மின்பதிவுக்கு முந்தைய வட்டுகள் 78 என்று பெயர் பெற்றிருந்தாலும் பலவற்றின் உண்மையான வேகம் அதற்கு மேலும் கீழும் இருந்தது. பாத்தே நிறுவனத்து வட்டுகளை 80ஐ ஒட்டியோ அதற்கு மேலோ சுழற்ற வேண்டும். தவறான வேகத்தில் இலக்கமாக்கப்பட்ட பதிவில் டெம்போவும் ஸ்கேலும் கைகோத்துக்கொண்டு தப்பாகும். நல்ல ஒலிப்பதிவுப் பதிப்பாசிரியர்கள் பேண்டு வட்டென்றால் பி ஃபிளாட், ஈ ஃபிளாட் வட்டாரத்தில்தான் இருந்தாக வேண்டும் என்ற ஊகத்தை வைத்துச் சுழல்வேகத்தைத் திருத்துவதும் உண்டு. அதாவது வேகத்திலிருந்து ஸ்கேலைக் கண்டுபிடிப்பதில்லை. ஸ்கேலை வைத்து வேகத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தக் காலத்துப் பல பேண்டுகள் 'உயர் சுருதி'க் கருவிகள் வைத்திருந்தன; ஏ ஸ்வரம் நொடிக்கு 440 அதிர்வுக்குப் பதிலாக 452, 457 என்று ஒலித்தது. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் 440ஐ ஏற்றதே 1917இல்தான். 457இல் ஒலிக்கும் பி ஃபிளாட், இன்றைய இயந்திரத்தின் காதில் பி பக்கமாகச் சாய்ந்துவிடும்.

இனி மூட். 1930களில் கேட் ஹெவ்னர் என்ற அமெரிக்க உளவியலாளர், ஒரே இசைத்துண்டின் ஒரே ஒரு அம்சத்தை மட்டும் மாற்றி வாசிக்கவைத்து, கேட்டவர்களைப் பட்டியலிலிருந்து பெயரடைகளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். வேகத்துக்குத்தான் செல்வாக்கு மிக அதிகம். மேஜரா மைனரா என்பதும் பலமாக வேலை செய்தது. வேகமான மேஜர் மகிழ்ச்சி, மெதுவான மைனர் சோகம் என்று அதைச் சுருக்கி இன்றைய மென்பொருள் வரை கொண்டுவந்துவிட்டார்கள். ஐந்து வயதுக் குழந்தைகள் வேகத்தை வைத்து மகிழ்ச்சி–சோகம் சொல்கிறார்கள், மேஜர்–மைனர் பேதத்தைப் பயன்படுத்தத் தொடங்குவது அதற்குப் பிறகுதான் என்று சிமோனே தல்லா பெல்லாவும் கூட்டாளிகளும் 2001இல் காட்டினார்கள். மைனர் என்றால் சோகம் என்பதில் பழக்கத்தின் பங்கு கணிசம் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

ப்ளூஸுக்குப் பொருத்தமான ஆய்வு வேறு. பாட்ரிக் ஹன்டர், கிளென் ஷெல்லன்பர்க், உல்ரிச் ஷிம்மாக் ஆகியோர் 2008இல் வெளியிட்டது. வேகமும் ஸ்கேலும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கும் இசையைக் கேட்கவைத்தார்கள். கேட்டவர்கள் நடுநிலையாக ஒன்றும் சொல்லவில்லை. மகிழ்ச்சி, சோகம் இரண்டையும் ஒரே சமயத்தில் உணர்ந்ததாகச் சொன்னார்கள். மகிழ்ச்சிக்கும் சோகத்துக்கும் நடுவே ஒரே கோடு போட்டு அதில் ஒரு புள்ளி வைக்கும் முறைக்கு இது ஒத்துவராத செய்தி. ஸ்பாட்டிஃபை 2014இல் வாங்கிய எக்கோ நெஸ்ட் நிறுவனம் வழியாகப் பரவிய முறை அதுதான்: பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை ஒரு எண், ஏற ஏற மகிழ்ச்சி. இரண்டும் பாதிப் பாதி கலந்த பாட்டுக்கும், ஒரு உணர்ச்சியும் இல்லாத பாட்டுக்கும் அந்தக் கோட்டில் ஒரே இடம்தான் கிடைக்கும். இத்தகைய எண்களை வெளியார் மென்பொருள்களுக்குப் புதிதாகத் தருவதை ஸ்பாட்டிஃபை 2024 நவம்பரில் நிறுத்திவிட்டது. அதற்குள் அவற்றை நம்பி எத்தனையோ கட்டுரைகள் எழுதப்பட்டுவிட்டன.

இனி 1919ஆம் ஆண்டு வட்டுக்கு வருவோம். 369ஆம் படையின் பேண்டை நடத்தியவர் ஜேம்ஸ் ரீஸ் யூரோப். முதல் உலகப்போருக்கு முன்பே 1912இல் கார்னகி அரங்கில் கறுப்பினக் கலைஞர்களின் பெரிய இசைக்குழுவை மேடையேற்றியவர். வெர்னான்–ஐரீன் காஸில் தம்பதியின் நடனத்துக்கு வாசித்தவர். இடைவேளைகளில் அவர் நிதானமாக வாசித்த 'மெம்ஃபிஸ் ப்ளூஸ்'தான் ஃபாக்ஸ்ட்ராட் நடனத்துக்கு வித்திட்டது என்று அவரும் ஹாண்டியும் சொல்லியிருக்கிறார்கள். பிரான்ஸில் படைவீரர்களுக்கும் ஊர்மக்களுக்கும் வாசித்துவிட்டு, 1919 பிப்ரவரியில் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூ வழியாக அணிவகுத்து வந்தது அவர் பேண்டு. அடுத்த மாதமே பாத்தே நிறுவனத்தில் பதிவு தொடங்கியது. மே 9 அன்று பாஸ்டன் கச்சேரியின் இடையே, தன் பேண்டின் டிரம் கலைஞர் ஒருவர் கத்தியால் தாக்கியதில் யூரோப் இறந்துபோனார். அதற்குள் 'மெம்ஃபிஸ் ப்ளூஸ்', 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' உள்ளிட்டவை வட்டில் ஏறியிருந்தன.

அந்த 'மெம்ஃபிஸ் ப்ளூஸ்' விறுவிறுவென்று போகிறது. மேஜர்தான். சூத்திரப்படி மகிழ்ச்சி. ஆனால் பேண்டு முழுக்க நின்று, ஒரு கருவிக்கு மட்டும் இரண்டு பார் வழிவிடும் இடங்களைக் கேளுங்கள். ட்ராம்போன்கள் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு நேராகப் போகாமல் இழுத்துக்கொண்டு போகும். சிரிப்பு மாதிரியும் இருக்கும், முனகல் மாதிரியும் இருக்கும். பித்தளைக் கருவிகளில் மியூட் பொருத்தி, நாக்கைச் சுழற்றி ஊதினால் இந்த ஒலி வரும் என்று யூரோப் அதே வருஷம் விளக்கியிருக்கிறார். எழுதிக்கொடுத்ததற்கு மேல் வாசித்துவிடாமல் கலைஞர்களை அடக்கிவைக்கத் தினமும் ஒத்திகை தேவைப்பட்டதாகவும் சொன்னார்! அந்தக் கூடுதல்தான் மூட். எந்த நெடுவரிசையிலும் அது பதிவாகாது.

'செயின்ட் லூயிஸ் ப்ளூஸி'ன் நடுப்பகுதி இதைவிடச் சுவாரசியம். ஜி மைனர், சூத்திரம் சோகம் என்கிறது. ஆனால் ஹாண்டி அங்கே வைத்தது டாங்கோவின் துள்ளல். அன்று டாங்கோ மோகம் இருந்தது, ஆடுபவர்களைக் கவர அதைச் சேர்த்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். யூரோப்பின் பேண்டில் அந்தத் தாளம் ரத்தத்திலேயே ஊறியவர்கள் இருந்தார்கள். 1917இல் அவர் போர்த்தோ ரீக்கோவுக்குப் போய் ஊதுகருவிக் கலைஞர்களைத் தேர்ந்தெடுத்துக் கூட்டிவந்திருந்தார். பின்னாளில் லத்தீன் அமெரிக்கா முழுக்கப் பாடல்களால் புகழ்பெற்ற ரஃபேல் ஹெர்னாண்டஸ் அவர்களில் ஒருவர். பாட்டின் ஒரே மைனர் பகுதி, ஆட்டத்துக்கென்றே எழுதப்பட்ட பகுதி. பெஸ்ஸி ஸ்மித்தின் பதிவில் அதே 16 பாரில் ஆர்மோனியம் நீளமாகப் பிடித்துக்கொண்டிருக்க, துள்ளல் போய்விடுகிறது. பொறாமையும் எரிச்சலும் மேலே வருகின்றன. மைனர் அதே மைனர்தான்.

மில்லரின் மார்ச்சுக்கு வேறொரு சிக்கல். 120இல் நேராகப் போகும் அணிவகுப்புத் தாளத்தின் மேல், ஜோடி ஜோடியாக வரும் சிறு ஸ்வரங்களை நெட்டையும் குட்டையுமாக வாசிக்கும் ஸ்விங் நடை. ராணுவ அதிகாரிகளில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. டெம்போ அவர்கள் கேட்ட டெம்போதான். ஆட்சேபம் நடையின் மேல். வேகம் ஏற ஏற ஸ்விங்கின் நெட்டை–குட்டை பேதம் குறையும் என்று ஆண்டர்ஸ் ஃபிரிபெர்க்கும் ஆண்ட்ரேயாஸ் சுண்ட்ஸ்ட்ரோமும் 2002இல் ஜாஸ் டிரம் கலைஞர்களை அளந்து காட்டினார்கள். ஆக, மூட் டெம்போவைச் சார்ந்திருக்கிறது என்பது சரி. ஆனால் எண்ணாகச் சார்ந்திருக்கவில்லை. அந்த எண்ணில் எந்த நடைக்கு இடம் கிடைக்கிறது என்பதாகச் சார்ந்திருக்கிறது.

மேஜர் என்பதை மட்டும் வைத்தும் மூடைச் சொல்லிவிட முடியாது. நியூ ஆர்லியன்ஸ் சவ ஊர்வல பேண்டுகள் கல்லறைக்குப் போகும்போது மெதுவாக வாசிக்கும் ஸ்தோத்திரங்களில் பலவும் மேஜர் ஸ்கேல்தான். கேட்டு யாரும் மகிழ்ச்சி என்று சொல்லிவிட மாட்டார்கள். ப்ளூஸை அடையாளம் காட்டுவதும் இந்த முத்திரைகள் அல்ல. இன்றைய கச்சேரி பேண்டு மேடையில் அடிக்கடி வாசிக்கப்படும் ப்ளூஸ் சாயல் கொண்ட படைப்புகளில் ஒன்று ஃபிராங்க் டிகெலி 1997இல் வெளியிட்ட 'ப்ளூ ஷேட்ஸ்'. அதில் 12 பார் ப்ளூஸ் வடிவம் ஓர் இடத்திலும் இல்லை, சில பகுதிகள் தவிர ஸ்விங்கும் இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். மிஞ்சுவது நடுவில் நிற்கும் அந்தக் காந்தாரமும் நிஷாதமும், ஊதும் குரலும்தான். ப்ளூஸ் என்று அடையாளம் தெரிய அதுவே போதுமாக இருக்கிறது.

ஆவணக்காப்பகத்தில் பேண்டு ப்ளூஸ் வட்டுக்குக் குறிப்பு எழுதுபவர் இதை வைத்து என்ன செய்யலாம்? டெம்போவுக்கு இரண்டு எண் கொடுக்கலாம். இரண்டு எண்ணும் கணக்கில் இவ்வளவு, நாலு எண்ணும் கணக்கில் இவ்வளவு என்று. பக்கத்திலேயே எந்தச் சுழல்வேகத்தில் இலக்கமாக்கியது என்பதையும் எழுத வேண்டும். அது இல்லாத டெம்போவுக்கு மதிப்பில்லை. ஸ்கேலைப் பகுதிவாரியாகக் குறித்து, மேஜர், மைனரோடு ப்ளூஸ் என்று மூன்றாவது வகையும் வைக்கலாம். மூட் கட்டத்தை எடுத்துவிட்டு, பதிவு யாருக்காக என்ற கட்டத்தை வைக்கலாம். ஆடுபவர்களுக்கா, அணிவகுப்பவர்களுக்கா, உட்கார்ந்து கேட்பவர்களுக்கா என்பது பெரும்பாலும் வட்டின் லேபிளிலேயே அச்சாகியிருக்கும். 'ஃபாக்ஸ்ட்ராட்' என்று பாட்டின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் போட்டிருந்தால் போதும். வாங்கியவர் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டுத்தான் வட்டை ஏற்றியிருப்பார்.